தடைக்காலத்தில் பல் அடைக்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்களுக்குத் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் படகு மராமத்து, ஆஸ்பத்திரி வேலை எல்லாம் நடக்கும். அதிலும் பல் வைத்தியம் எப்போதும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போய்விடும். போன தடைக்காலத்தில் அவருக்குக் கடவாய்ப்பல் சொத்தையைச் சுத்தம் செய்து, கிராம்பு வாசனை வரும் தற்காலிக சிமெண்டை வைத்து அனுப்பினார்கள். படகு கிளம்பப் போகிறதே என்று நாங்கள்தான் அவசரப்படுத்தினோம், மறுநாளே அதை எடுத்துவிட்டு பல் நிறத்தில் இருக்கும் ரெசின் என்ற பிசினை அடைத்துவிட்டார்கள். இரண்டே மாதத்தில் கடலில் இருக்கும்போது அது கழன்று விழுந்தது.

அப்புறம் பார்த்த வேறொரு டாக்டர் முதலில் கேட்டதே, உள்ளே என்ன சிமெண்ட் வைத்திருந்தார்கள் என்றுதான். அந்த வாசனை யூஜினாலுடையதாம், கிராம்பு எண்ணெயில் இருக்கிற அதே பொருள். துத்தநாக ஆக்சைடு பொடியோடு அதைக் குழைத்து வைத்தால் வலி அடங்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரெசினை இறுக வைக்க டாக்டர் காட்டும் நீல விளக்கு பட்டதும் ரெசினின் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இறுக வேண்டும், பல்லுக்குள் ஊறி நிற்கும் யூஜினால் அந்தச் சங்கிலியைப் பாதியிலேயே அறுத்துவிடுகிறது, அதனால் ரெசின் சரியாக இறுகாமல் பிடிப்பும் குறைகிறது. நாள் போகப் போக இந்தப் பாதிப்பு குறையும், ஒன்றிரண்டு வாரம் இடைவெளி விட்டால் நல்லது என்றார். பாஸ்பாரிக் அமில ஜெல் தடவிக் கழுவிவிட்டு ஒட்டும் முறையில் மேலே நிற்கும் மிச்சம் பெரும்பாலும் போய்விடுமாம், கழுவாமல் ஒட்டும் பசைகளில் அது அங்கேயே தங்கிவிடும். யூஜினால் இல்லாத சிமெண்டும் இருக்கிறது, ஆனால் அதையும் மிச்சம் ஒட்டியிருக்காமல் சுரண்டி எடுத்தால்தான் ரெசின் பிடிக்கும்.

எங்கள் பல் விழுந்ததற்கு இது மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மறுநாளே அடையுங்கள் என்று நெருக்கியது தப்பு, அது இப்போது புரிகிறது. படகுக்குப் போகிறவர்கள் ஏப்ரலிலேயே பல்லைக் காட்டிவிடுங்கள். ரெசின் அடைக்கப் போகிறார்கள் என்றால் தற்காலிகமாக வைப்பது யூஜினால் இல்லாததா என்று கேளுங்கள், வீட்டில் பல்லுக்குக் கிராம்பு எண்ணெய் தடவியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் பல் முகாம் நடத்துகிறவர்களும் தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே நடத்தினால் இரண்டாவது தடவை வந்து அடைத்துக்கொள்ள நாள் கிடைக்கும்.

இதைத் தடைக்காலம் தொடங்குவதற்கு முன்பே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாசகி,
தங்கச்சிமடம்