பட்டாளத்தின் பெயரையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஸ்காட்லாந்தின் பழைய காலாட்படைப் பட்டாளங்களை ஒன்றாகச் சேர்த்து 'ராயல் ரெஜிமெண்ட் ஆஃப் ஸ்காட்லாந்து' என்ற புதுப் பட்டாளத்தைத் தொடங்கியது 2006 மார்ச் 28-ஆம் தேதி. எங்கோ நடந்த விஷயம், சிங்கப்பூர்த் தமிழருக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அப்படிச் சேர்க்கப்பட்டவற்றில் ஒன்று இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலும் இந்தத் தீவிலும் சண்டை போட்டுச் சிதைந்த பட்டாளம். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆர்கைல் அண்ட் சதர்லேண்ட் ஹைலேண்டர்ஸ் என்பது அதன் பெயர். 1960களின் நடுவில் அவர்கள் சாங்கி பக்கம் சிலாராங் முகாமில் இருந்தார்கள். என் அப்பா அங்கே டோபி. அவர்கள் அணிவகுப்புக்குக் கட்டும் கில்ட் என்ற மடிப்புப் பாவாடை கனமான கம்பளித் துணி. கரும்பச்சையும் நீலமும் கலந்த கட்டம். அப்பா ஒவ்வொரு மடிப்பையும் வெள்ளை நூலால் நீளத் தையல் போட்டுப் பிடித்து, மேலே ஈரத்துணி விரித்து, அப்புறம்தான் இஸ்திரிப் பெட்டியை வைப்பார். மடிப்பு கொஞ்சம் நகர்ந்தாலும் கட்டம் கோணிப்போகும் என்று பிரித்து மறுபடி தைப்பார். துணியைப் பார்த்தே எந்தப் பட்டாளம் என்று சொல்லிவிடுவார். மஞ்சள் கோடு ஓடினால் கார்டன் ஹைலேண்டர்ஸ். அந்த மனிதர்களுக்குத் தங்கள் பட்டாளம் ஊர் மாதிரி, குலம் மாதிரி என்பதை அவர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

2004 டிசம்பரில் இணைப்பு அறிவிப்பு வந்தபோது ஸ்காட்லாந்தில் எழுந்த எதிர்ப்புக்கும் இதுதான் காரணம். 1633-இல் தொடங்கிய ராயல் ஸ்காட்ஸ், எடின்பரோவைக் காக்க 1689-இல் திரட்டிய கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ், பிளாக் வாட்ச் எல்லாம் அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்ந்தவை. அப்பா, மகன், பேரன் என்று ஒரே பட்டாளத்தில் இருந்த குடும்பங்கள் உண்டு. அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் சேர்ப்பது கடினமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டாலியனையே, அதாவது பட்டாளத்தின் ஒரு முழுப் பிரிவையே, குடும்பத்தோடு பெயர்த்து வேறு ஊருக்கு, வேறு வேலைக்கு மாற்றும் பழைய முறை செலவும் அலைச்சலும் பிடித்தது. பெரிய பட்டாளமாக இருந்தால் ஆளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் நான் ஏற்கிறேன். ஏற்க முடியாதது அதற்குப் பின் நடந்தது. பழைய பெயர்கள் பட்டாலியன்களின் பெயராகத் தொடரும் என்றார்கள். சரி, தொடர்ந்தன. ஆனால் 2012-இல் அடுத்த ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது. ஆர்கைல் பட்டாலியன் கம்பெனி என்ற ஒரே ஒரு சிறு பிரிவாகச் சுருங்கியது. ஒரு பெரிய பெயருக்குக் கீழே வைத்த சின்னப் பெயரை அழிப்பது எத்தனை சுலபமாகிவிட்டது, பாருங்கள்.

இதே ஆர்கைல்கள் சிங்கப்பூரிலேயே ஒருமுறை இணைக்கப்பட்டவர்கள். 1942 ஜனவரி 7-ஆம் தேதி பேராக்கின் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் அவர்களைப் பிளந்துகொண்டு போயின. மிஞ்சியவர்கள் ஜனவரி 31 காலையில் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து வந்தார்கள். பேக்பைப் வாசிப்பவர்களில் மிச்சமிருந்த இருவர் வாசிக்க, எல்லோருக்கும் பின்னால் கடைசியாக வந்தவர்கள் அவர்கள். அவர்கள் வந்து சேர்ந்த பிறகு பாலம் தகர்க்கப்பட்டது. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' போர்க்கப்பல்கள் மூழ்கியதில் தப்பிய ராயல் மரீன்ஸ் என்ற கடற்படைத் துருப்பினரையும் அவர்களோடு சேர்த்து, தாவரவியல் தோட்டத்துக்கு அருகே டயர்சால் பார்க்கில் 'பிளிமத் ஆர்கைல்ஸ்' என்ற ஒரே படையாக்கினார்கள். அதுவும் ஆள் பற்றாக்குறையில் செய்த இணைப்புதான். ஆனால் ஆர்கைல் என்ற பெயரை அங்கே யாரும் மறைக்கவில்லை.

சிலிம் ரிவரில் அவர்கள் பக்கத்தில் நின்று அடிபட்டவர்கள் பஞ்சாப் ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியனும் ஹைதராபாத் ரெஜிமெண்டின் ஒரு பட்டாலியனும். மூன்றும் 12-ஆவது இந்தியப் படையணியைச் சேர்ந்தவை. ஹைதராபாத் ரெஜிமெண்டுக்கு 1945-இல் குமாவோன் என்று பெயர் மாற்றினார்கள். ஆக, இந்தப் பெயர்களைத் தேடி இன்றைய ராணுவப் பட்டியல்களுக்குப் போனால் பாதி கிடைக்காது. கிராஞ்சி போர் நினைவிடத்தின் சுவர்களில் கிடைக்கும். அங்கே இறந்தவர்களின் பெயர்களை அவரவர் ரெஜிமெண்டின் கீழேதான் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வோர் ஆண்டும் 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளான பிப்ரவரி 15-ஐ ஒட்டி நம் தமிழ் ஏடுகளில் வரும் கட்டுரைகள் 'பிரிட்டிஷ் படை', 'இந்தியப் படை' என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுகின்றன. அடுத்த பிப்ரவரியில் ஆர்கைல், கார்டன், பஞ்சாப், ஹைதராபாத் என்று பட்டாளத்தின் பெயரைப் போட்டு எழுதுங்கள். யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்று ஒரு வரைபடமும் சேர்த்தால், பேரப்பிள்ளைகளைக் கிராஞ்சிக்கு அழைத்துப் போகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டே காட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாசிர் ரிஸ்