டம்ளர் சோதனையும் உன் பேரனும்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு இடமாற்றம் கிடைத்து எல்லோரும் ஒரே ஊரில் சேர்ந்துவிட்டீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடுவதற்கு மட்டும் நான் பின்னாலேயே அலைய வேண்டியிருக்கிறது.

பேரனைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உன் மகள் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, அவன் கண் முன்னாலேயே ஒன்றை ஒல்லியான பாட்டிலுக்கு மாற்றி, எதில் அதிகம் என்று கேட்டிருக்கிறாள். அவன் பாட்டிலைக் காட்டினான். பள்ளியிலும் கணக்கில் வீக் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டு அவள் தூங்காமல் கிடக்கிறாள். வசந்தி, அவனுக்கு ஐந்து வயது. அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகள் பாட்டிலைத்தான் காட்டும். முதலில் அதை அவளிடம் சொல்.

அந்தச் சோதனை, பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயுடையது. பாத்திரம் மாறினாலும் தண்ணீரின் அளவு மாறாது என்பது அந்த வயதில் இன்னும் பிடிபடாது என்பது அவர் முடிவு. டீச்சர் டிரெயினிங்கில், பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சிக்கு அவர் வகுத்த நான்கு பருவங்களையும் வயதோடு நெட்டுருப் போட்டோமே, பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த மனுஷன் இதற்குள் எப்படி வந்தார் என்பதை நமக்கு யாரும் சொல்லவில்லை. 1896இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். நத்தை, சிப்பி இனங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பிறகு பாரிஸ் போனபோது, குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணினால் போதும். அவர் தவறான விடைகளின் பின்னால் போனார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறுகிறார்களே, அப்படியானால் அதற்குள் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டுமே என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் உள்ள மதிப்பெல்லாம் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

அவர் தன் குழந்தைகளைக் கவனித்து எழுதியதில் ஒன்று என் மனதை விட்டுப் போவதே இல்லை. மகளுக்கு ஒன்றேகால் வயதுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். ஒரு தீப்பெட்டிக்குள் சங்கிலியைப் போட்டு, விரல் நுழையாத அளவுக்குச் சின்ன இடைவெளி மட்டும் விட்டுக் கொடுத்தார். குழந்தை விரலை விட்டுப் பார்த்தது, நுழையவில்லை. அந்த இடுக்கையே உற்றுப் பார்த்தது. அப்புறம் தன் வாயைக் கொஞ்சமாகத் திறந்தது, மூடியது, இன்னும் பெரிதாகத் திறந்தது. உடனே இடுக்கில் விரலை மாட்டி இழுத்து, பெட்டியைத் திறந்து, சங்கிலியை எடுத்துவிட்டது. பெட்டி திறக்க வேண்டும் என்று நினைப்பதற்குச் சொல் இன்னும் வராத வயதில், அது வாயாலேயே நினைத்திருக்கிறது. அந்த நான்கில் முதலாவது, குழந்தை புலன்களாலும் கை கால் அசைவாலும் உலகை அறியும் புலன் இயக்கப் பருவம் என்று ஒரு வரியில் எழுதி இரண்டு மார்க் வாங்கினோமே, அந்த வரிக்குள் இருந்தது இதுதான்.

சரி, டம்ளருக்கு வருகிறேன். 1974இல் எடின்பரோவில் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்று இருவர் இதே வகைச் சோதனையைச் சின்ன மாற்றத்தோடு செய்தார்கள். அதில் தண்ணீர் இல்லை, இரண்டு வரிசையாக விளையாட்டுக் காய்கள். இரண்டிலும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்டதும், வழக்கமாகப் பெரியவரே ஒரு வரிசையை நெருக்கியோ விரித்தோ வைத்துவிட்டு மறுபடி கேட்பார். இங்கே ஒரு குறும்புக்காரக் கரடிபொம்மை பெட்டியிலிருந்து பாய்ந்து வந்து வரிசையைக் கலைத்துவிடும். "ஐயையோ, விளையாட்டைக் கெடுத்துவிட்டதே" என்று சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார்கள். நாலு முதல் ஆறு வயது வரை 80 பிள்ளைகள். பெரியவர் கலைத்தபோது கொஞ்சம் பேர்தான் சமம் என்றார்கள். கரடி கலைத்தபோது பாதிக்கும் மேல் சரியாகச் சொன்னார்கள்.

ஏன் என்று யோசித்துப் பார். பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே ஒன்றை மாற்றுகிறார். சற்று முன் கேட்டதையே திரும்பக் கேட்கிறார். வகுப்பில் டீச்சர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் என்ன அர்த்தம்? முதலில் சொன்னது தப்பு, மாற்றிச் சொல் என்றுதானே பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும்! அதே 1974இல் ரோஸ், பிளாங்க் என்ற இருவர் முதல் கேள்வியை விட்டுவிட்டு, மாற்றிய பிறகு ஒரே ஒரு முறை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளின் தவறுகள் குறைந்தன. இன்னொரு ஆராய்ச்சியில், பால் பெரிதா தண்ணீர் பெரிதா என்று அர்த்தமே இல்லாத கேள்வியைக் கேட்டார்கள். ஐந்து வயதும் ஏழு வயதும் ஆன பிள்ளைகள், இது என்ன கேள்வி என்று திருப்பிக் கேட்காமல், காரணத்தோடு பதில் சொன்னார்கள். பெரியவர் கேட்டால் அதில் ஏதோ இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை! பிள்ளை தண்ணீரை மட்டும் பார்த்துப் பதில் சொல்வதில்லை, வசந்தி. நம் முகத்தையும் பார்த்துத்தான் சொல்கிறது.

இதனால் பியாஜே சொன்னதெல்லாம் போச்சு என்று நான் சொல்லமாட்டேன். எதிர்வீட்டுக் குட்டிக்கு மூன்றரை வயது. அண்ணன் கையில் இரண்டு பிஸ்கட் இருந்தால் அழுகை வீட்டைத் தூக்கும். அவள் அம்மா அவளுடைய ஒற்றை பிஸ்கட்டை இரண்டாக உடைத்துக் கொடுத்ததும் "எனக்கும் ரெண்டு" என்று சிரித்துக்கொண்டே போகிறாள். அங்கே யாரும் கேள்வி கேட்டுக் குழப்பவில்லை. அவளுக்கு நிஜமாகவே அளவு இன்னும் பிடிபடவில்லை. கரடிபொம்மைச் சோதனைக்கும் பின்னால் மறுப்பு வந்தது: கரடி காயை நிஜமாகவே கூட்டியோ குறைத்தோ விட்டபோதும் பல பிள்ளைகள் சமம் என்றே சொன்னார்களாம். ஆக, கரடியின் கூத்தில் காயைக் கவனிக்காமலும் விட்டிருக்கலாம். விவாதம் முடியவில்லை. ஆனால் ஒரு தடவை கேட்டு ஒரு பதிலை வாங்கிக்கொண்டு பிள்ளைக்கு முத்திரை குத்த முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளியில் வீக் என்று சொன்னதற்கு வைகாட்ஸ்கி என்ற இன்னொரு உளவியலாளர்தான் பதில். பியாஜே பிறந்த அதே 1896இல் ரஷ்யப் பேரரசில் பிறந்து, காசநோயால் 37 வயதிலேயே போய்விட்டார். அவர் சொன்ன ஓர் உதாரணம்: இரண்டு பிள்ளைகள், சோதனையில் இருவரும் எட்டு வயதுக்கான கணக்கையே போடுகிறார்கள். கூட உட்கார்ந்து முதல் அடியை மட்டும் காட்டினால், ஒருவன் ஒன்பது வயதுக்கான கணக்கு வரை போகிறான், மற்றவன் பன்னிரண்டு வயதுக்கானது வரை போகிறான். இருவரும் சமமா? இன்று தனியாக என்ன செய்கிறான் என்பதோடு, கை கொடுத்தால் எதுவரை வருகிறான் என்பதையும் பார்க்கச் சொன்னார். உன் பேரனோடு அப்படி யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று பள்ளியில் கேள். கோபப்படாமல் கேள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த டீச்சர் படும் பாடு நமக்குத் தெரியாததா?

வீட்டில் சோதனையெல்லாம் இனி வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடு. குளிக்கும்போது சொம்பும் டம்ளரும் கொடுத்து அவனையே ஊற்ற விடு, திரும்ப ஊற்றவும் விடு. பரணில் உன் அம்மாவின் பல்லாங்குழி இருக்குமே, இறக்கு. குழிக்கு ஐந்தாகச் சோழியை எண்ணிப் போடட்டும். தவறாக எண்ணினால் உடனே திருத்தாதே, எப்படி எண்ணினாய் என்று கேள். என்ன சொல்கிறான் என்று அவன் சொன்னபடியே எனக்கு எழுது.

தை பிறந்ததும் இவரை அழைத்துக்கொண்டு அங்கே வரலாம் என்றிருக்கிறேன். டாக்டர் பயணத்துக்குச் சரி சொல்ல வேண்டும். ஊறுகாய்க்கு எலுமிச்சை வாங்கி வைத்துவிடாதே, இங்கே மரத்தில் நிறையக் கிடக்கிறது, பை நிறையக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மீனா