சங்கை அறுத்துப் பார்க்காமல் பெயர் வைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அரியலூர், பெரம்பலூர் பகுதிப் புதைபடிவங்கள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், நீண்டு கூம்பிய நத்தை ஓடு எதுவானாலும் படத்தின் கீழே 'டரிடெல்லா' என்ற கடல்நத்தைப் பேரினத்தின் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) பெயரைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. கல்லூரிக் காட்சிப் பெட்டிகளிலும் இதே கதைதான். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல நத்தைக் குடும்பங்களில் இந்த நீள்கூம்பு வடிவம் உண்டு. அவற்றில் அதிகம் குழப்புவது நெரினியா.

நெரினியா, 1825இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் டெஃப்ரான்ஸ் பெயரிட்ட பேரினம். டரிடெல்லா இன்றும் கடலில் வாழ்கிறது. நெரினியாவும் அதன் உறவினங்களும் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் முடிவில், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பூண்டோடு அழிந்தன. அவை பெரும்பாலும் வெப்பமான, ஆழமற்ற சுண்ணாம்புப் படிவுக் கடல்களில் வாழ்ந்தவை. டரிடெல்லாவோ சேற்றிலும் மணலிலும் புதைந்து வாழும். குளிர்ந்த நீரிலும் இருக்கும். பெயர் மாறினால், அந்தப் பாறை எந்தக் கடலில் படிந்தது என்ற முடிவும் சேர்ந்து மாறிவிடும்.

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இருந்தால் வெளிப்புறத்திலேயே பாதி விடை கிடைக்கும். சுற்றுகள் சந்திக்கும் தையல்கோட்டை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே, குறுகலான ஒரு பட்டை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓட்டின் திறப்பான வாயின் வெளியுதட்டில் இருந்த வெட்டு, ஓடு வளர வளர விட்டுச்சென்ற தடம் அது. வளர்ச்சிக்கோடுகள் அங்கே சட்டென்று பின்னோக்கி வளையும். டரிடெல்லாவில் இந்தப் பட்டை கிடையாது. கோடுகள் சுற்றின் நடுப்பகுதியில் நிதானமாக வளைந்து போகும். நெரினியாவில் பல சிற்றினங்களுக்குச் சுற்றின் பக்கம் உட்குழிந்து, தையல்கோடு மேடேறி நிற்கும். வாயின் அடியில் சிறு கால்வாய் இருப்பதும் நல்ல அடையாளம்தான். ஆனால் வாய் உடையாத மாதிரி கிடைப்பது அரிது.

மீதி விடை உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் இருக்கும் வெற்றிடமான சுற்றறையின் சுவர்களிலிருந்து மடிப்புகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றுகள் சூழ்ந்திருக்கும் நடுத்தண்டில் ஒன்று, கூரையில் ஒன்று, வெளிச்சுவரில் ஒன்று என எளிய மூன்று மடிப்புகள் இருந்தால் நெரினியா. கூரையில் மட்டும் ஒன்று, அடியின் நடுவே அகன்ற தொப்புள் எனும் குழி என்றால் கிரிப்டோப்ளோக்கஸ் என்ற உறவினம். நுனி பிளந்த சிக்கலான மடிப்புகள் ஐந்து இருந்து, தொப்புளும் இருந்தால் டிக்மாட்டிஸ் என்ற இன்னோர் உறவினம். வெளியே பார்த்து இவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் ஊகம்தான்.

மடிப்புகளைப் பார்க்க ஓட்டை நீளவாக்கில் அறுக்க வேண்டும். அறுக்கும்போதுதான் தவறு நேரும். நேராக ஓட்டின் நடு அச்சிலேயே ரம்பத்தை வைக்கக் கூடாது. ரம்பத்தின் தடிமனிலேயே அச்சு போய்விடும். அச்சுக்கு இணையாக 2 முதல் 3 மி.மீ. தள்ளி, நீர் ஊற்றியபடி வைர ரம்பத்தால் அறுத்து, மீதியைக் கண்ணாடித் தட்டில் சிலிக்கான் கார்பைடு பொடி கொண்டு தேய்த்து அச்சை அடைய வேண்டும். பருமனிலிருந்து மென்மைக்கு 220, 400, 800 என்ற பொடி எண் வரிசையில் போகலாம். ஒவ்வொரு பொடிக்குப் பிறகும் கல்லையும் கையையும் நன்றாகக் கழுவ வேண்டும். ஒரு பருமணி தங்கினாலும் கீறல் விழும். நொறுங்கும் மாதிரிக்கு முதலிலேயே எபாக்ஸி பிசினை ஊற வைப்பது நல்லது. நடுத்தண்டு நுனியிலிருந்து அடிவரை விடாமல் தெரிந்தால் வெட்டு சரி. மேலே தெரிந்து கீழே மறைந்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது. அப்போது மடிப்புகள் இருப்பதைவிடத் தடித்தும் கோணலாகவும் தெரியும். அந்த வெட்டை வைத்துப் பேரினம் சொல்லக் கூடாது.

வெட்டு சரியாக இருந்தாலும் எந்தச் சுற்றில் எண்ணுகிறோம் என்பது முக்கியம். இளஞ்சுற்றுகளில் மடிப்புகள் முழுமையாகியிருக்காது. வாய்ப்பக்கம் போகப் போக மங்கும். நடுச்சுற்றுகளையே ஒப்பிட வேண்டும். ஓட்டின் மூலக் கனிமமான அரகோனைட், கால்சைட் என்ற வேறு கனிமமாக மாறியதில் மடிப்பு கரைந்தாற்போல் இருந்தால், மேற்பரப்பை நனைத்துப் பாருங்கள், எல்லை துலங்கும். நுனிக்கோணத்தை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு பக்கங்களிலிருந்து அளக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஓடு பாறை அழுத்தத்தில் நசுங்கியிருக்கிறது. அந்த அளவை வகைப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது.

ஓடு கரைந்து, அதன் உட்புறத்தை நிரப்பி இறுகிய உள்வார்ப்பு மட்டும் எஞ்சியிருந்தால் ரம்பம் தேவையில்லை. மடிப்பு இருந்த இடம் பள்ளமாகத் தெரியும். இங்கிலாந்தின் கட்டடக் கல்லான போர்ட்லண்ட் சுண்ணாம்புக் கல்லில் 'போர்ட்லண்ட் திருகாணி' என்று கொத்தர்கள் சொல்வது, இதே கூட்டத்தைச் சேர்ந்த ஆப்டிக்ஸியெல்லாவின் உள்வார்ப்புதான்.

தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் நத்தைகளுக்குத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா 1867-68இல் எழுதிய விவரிப்பே இன்றும் தொடக்கப் புள்ளி. ஆனால் அன்றைய பேரினப் பெயர்களை அப்படியே எடுத்து எழுதுவது சரியல்ல. அன்று 'டரிடெல்லா' என்றழைத்த பல ஓடுகள் உலகெங்கும் வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டன.

ஒரே ஒரு மாதிரிதான் இருக்கிறதென்றால் அறுக்க வேண்டாம். படமெடுத்து, ரப்பர் அச்சு எடுத்து வைத்தால் போதும். அத்தகைய படங்களை வெளியிடும்போது 'நீள்கூம்பு நத்தை, பேரினம் உறுதியாகவில்லை' என்று போட்டு, கிடைத்த இடத்தையும் பாறை அடுக்கையும் குறிப்பிட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

தொல்லுயிரியல் ஆசிரியர்கள்,
திருச்சி