பழைய படத்தை அதன் உருவத்திலேயே காட்டுங்கள்: டேவான் படக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர், செயலாளர், புரொஜெக்டரைக் கையாளும் தம்பிகள் அனைவருக்கும்,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனும் குடியிருப்புகளிலிருந்தும் மாதந்தோறும் டேவான் எனும் பொது மண்டபத்துக்குப் படம் பார்க்க வருகிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்காகவே வருகிறவர்கள் நிறையப் பேர். அது வரவர ஒரே தடத்தில் போகிறது. பழைய படத்தில் ஆட்கள் குட்டையும் பருமனுமாய் இருக்கிறார்கள், குரல் கீச்சென்று ஒலிக்கிறது, கதை திடீர் திடீரென்று தாவுகிறது என்பது இளையவர்களின் குறை. புதுப் படத்தில் அடிதடிச் சத்தம்தான் கேட்கிறது, வசனம் ஒன்றும் காதில் விழவில்லை என்பது பெரியவர்களின் குறை. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தக் குறைகளில் ஒன்றுகூட படம் எடுத்தவர்கள் வைத்ததில்லை. எல்லாம் நம் மேசையில் நேர்பவை, சரிசெய்யக் கூடியவை.

முதலில் உருவம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய 4:3 அளவில், அதாவது அகலம் 4, உயரம் 3 என்ற விகிதத்தில், எடுக்கப்பட்டவை. நம் திரையோ 16:9. புரொஜெக்டர் 'ஃபுல்' அமைப்பில் இருந்தால் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் திரை முழுக்க நிரப்பிவிடும். ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். 'ஜூம்' வைத்தால் முகம் உப்பாது, ஆனால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்பட்டுப் போகும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) நாதசுரத்துக்கும் ஆட்டத்துக்கும் நடக்கும் போட்டி. பத்மினியின் பாதமும் சலங்கையும் திரைக்குக் கீழே மறைந்துவிட்டால் அந்தப் போட்டியில் பாதியை நாமே தூக்கி எறிந்துவிட்டோம் என்று பொருள்.

டிவிடி பிளேயரில் போடும்போது புரொஜெக்டர் மெனுவில் 'ஆஸ்பெக்ட்' என்ற இடத்துக்குப் போய் 4:3 வையுங்கள். மடிக்கணினியில் போட்டால் புரொஜெக்டரை 16:9-லேயே விட்டுவிடுங்கள்; படம் ஓட்டும் மென்பொருளான விஎல்சி தானாகவே இருபுறமும் கறுப்பு விட்டுக் காட்டும். இரண்டு இடத்திலும் மாற்றினால் படம் இருமுறை ஒடுங்கி, எல்லாரும் ஒட்டடைக்குச்சியாய்த் தெரிவார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாயகியின் நெற்றிப் பொட்டே போதும். நேர்முகமாக வரும் குளோசப்பில் படத்தை நிறுத்துங்கள். வட்டப் பொட்டு படுத்த முட்டையாகத் தெரிந்தால் இழுபட்டிருக்கிறது, நின்ற முட்டையாகத் தெரிந்தால் ஒடுங்கியிருக்கிறது. 12 அடி அகலத் திரையில் பழைய படம் 9 அடிதான் வரும், இருபுறமும் ஒன்றரை அடி சும்மா கிடக்கும். அந்த இடத்தை மங்கலான கறுப்புத் துணியால் மறைத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அடுத்தது வெட்டு. கதை தாவுகிறது என்ற குறைக்கு இதுதான் காரணம். ஒரு விசிடி தட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும். 3 மணி நேரப் படத்துக்கு 3 தட்டு வேண்டும். 2 தட்டில் அடங்கியிருந்தால் எங்கோ கத்தரி விழுந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு பாட்டும் ஒரு நகைச்சுவைப் பகுதியும் போகும், அவற்றோடு ஒட்டியிருந்த வசனமும் சேர்ந்து போகும். வெட்டு உண்டா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இந்தியப் படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் மீட்டரிலோ அடியிலோ எழுதியிருக்கும். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர் ஓடும். 4,500 மீட்டர் என்றிருந்தால் 27.4-ஆல் வகுங்கள்: 164 நிமிடம். உங்கள் பிரதி 140 நிமிடம்தான் ஓடுகிறது என்றால் அதைப் போடாதீர்கள், வேறு பிரதி தேடுங்கள். சான்றிதழையே வெட்டிய தட்டுகளும் உண்டு; அவற்றை முதலிலேயே சந்தேகப்படுங்கள்.

ஆனால் 164-க்குப் பதில் 157 அல்லது 158 நிமிடம் வந்தால் பதற வேண்டாம். அது வெட்டு இல்லை, வேகம். படம் நொடிக்கு 24 சட்டகமாக எடுக்கப்பட்டது. நம் நாட்டின் பழைய தொலைக்காட்சி முறை பால் (PAL), அதற்கு நொடிக்கு 25. பழைய விசிடி, டிவிடி பலவற்றில் படத்தை அப்படியே 25-இல் ஓட்டிப் பதிந்திருக்கிறார்கள். எல்லாமே 4 விழுக்காடு வேகமாகிறது. குரலும் ஏறக்குறைய முக்கால் ஸ்வரஸ்தானம் ஏறிவிடுகிறது. கீச்சென்று ஒலிப்பதற்கு இது பெரிய காரணம். எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் 'தில்லானா'வுக்கு வாசித்த நாதசுரத்தை இந்த ஊரில் கோயில் மேளம் கேட்டு வளர்ந்தவர்கள் முன்னால் சுருதி ஏற்றிப் போடலாமா? விஎல்சியில் வேகத்தை 0.96 ஆக்கி, அமைப்புகளில் ஆடியோவின் கீழுள்ள 'டைம் ஸ்ட்ரெச்சிங்' என்பதை எடுத்துவிடுங்கள். அதை எடுக்காவிட்டால் வேகம் குறையும், சுருதி இறங்காது. அண்மையில் புதுப்பித்த பிரதிகளுக்கு இது தேவைப்படாது. சான்றிதழ் நீளமும் ஓடும் நேரமும் ஒத்துப்போனால் எதையும் தொடாதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றி நிறையச் சொல்லவேண்டும், ஏனென்றால் கறுப்பு வெள்ளைப் படங்கள் அடிபடுவது இங்கேதான். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாட்டே இல்லாத படம். ஒரு கொலை; ஆளுக்கொரு விதமாக அதைச் சொல்கிறார்கள். படம் முழுக்க நிழலில் நடக்கிறது. புரொஜெக்டர் 'டைனமிக்' அமைப்பில் இருந்தால் நிழல் கட்டியாக அப்பிக்கொள்ளும், வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசும், இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாம்பல் நிறங்கள் காணாமல் போகும். முகபாவம் இருப்பதே அந்தச் சாம்பலில்தான். 'சினிமா' அமைப்புக்கு மாற்றுங்கள். நிற வெப்பத்தை 'வார்ம்' வையுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளை நீலம் பூத்துத் தெரியும். 'கலர்' அளவைச் சுழியத்துக்கு இறக்குங்கள். கோடு போட்ட சேலைகளில் வானவில் ஓடுவது நின்றுவிடும். பிறகு இருட்டுக் காட்சி ஒன்றை நிறுத்தி, தலைமுடி பின்சுவரிலிருந்து பிரிந்து தெரியும் வரை 'பிரைட்னெஸ்' ஏற்றி, கறுப்பு சாம்பலாகத் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறக்குங்கள்.

12 அடித் திரைக்கு, டேவான் நன்றாக இருட்டியிருந்தால் 'சினிமா' அமைப்பில் 1,300 லூமன் (புரொஜெக்டர் வெளிச்சத்தின் அளவு) வந்தாலே திரையரங்க வெளிச்சம் கிடைக்கும். இருட்டு இல்லாவிட்டால் 5,000 லூமன் வாங்கினாலும் வெளுத்துத்தான் தெரியும். நமக்கு ஏழரை வாக்கில்தான் இருட்டுகிறது. ஏழு மணிக்கே தொடங்கி முதல் அரை மணி நேரத்தை வீணாக்குவதைவிட, எட்டுக்குத் தொடங்கலாம். நாக்கோ (கண்ணாடிப் பட்டை) சன்னல்களுக்கு வெளியே இருக்கும் தெருவிளக்கை மறைக்கத் திரைச்சீலை வேண்டும்.

ஒலி. பழைய படங்கள் ஒற்றைத் தடத்தில் பதிவானவை. ஆம்பிளிஃபையரில் 'சரவுண்ட்', 'ஹால்' என்று எது எரிந்தாலும் அணைத்துவிடுங்கள். பேஸை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பின்சுவரில் மாட்டியிருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களைக் கழற்றச் சொல்லவில்லை, படம் போடும்போது மட்டும் அணைத்து வையுங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். 20 மீட்டர் தள்ளி இருக்கும் முன் ஸ்பீக்கரின் ஒலி, பின்வரிசைக்காரரை அவர் தலைக்கு மேலுள்ள ஸ்பீக்கரின் ஒலியைவிட நொடியில் பதினேழில் ஒரு பங்கு பிந்தி அடைகிறது. ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். சிமெண்டுத் தரையும் தகரக்கூரையும் அதை இன்னும் குழப்பும். 'பராசக்தி' (1952) மாதிரி வசனத்தால் நிற்கும் படத்தை இப்படிக் கேட்பவருக்கு அலுப்பு வராமல் என்ன செய்யும்?

புதுப் படங்களில் வசனம் கேட்காததற்குக் காரணம் வேறு. அவை 5.1 ஒலியில், அதாவது ஆறு தனித் தடங்களில், வருகின்றன. வசனத்துக்கென்று நடுவில் தனித் தடம் இருக்கிறது. பிளேயர் 5.1 அனுப்ப, நம்மிடம் இடம், வலம் இரண்டு மட்டும் இணைந்திருந்தால், நடுத்தடம் போக இடமில்லாமல் தொலைகிறது. மிஞ்சுவது பின்னணி இசையும் அடிச்சத்தமும். பிளேயரின் ஆடியோ அமைப்பில் 'ஸ்டீரியோ' அல்லது 'பிசிஎம்' என்று மாற்றினால் வசனம் இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரிந்து வந்துவிடும். ஒரே ஒரு அமைப்பு; இதற்காகப் பெரியவர்கள் இத்தனை மாதமாகப் புதுப் படத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டை ஓட்டிவிடும் பழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். நேரமாகிறது என்றால் சின்னப் படமாகத் தேர்ந்தெடுங்கள். இடைவேளையைப் படத்தில் 'இடைவேளை' என்று வரும் இடத்தில்தான் விடவேண்டும். தேத்தண்ணீர் கொதித்துவிட்டது என்பதற்காகக் காட்சியின் நடுவில் விளக்கைப் போடக்கூடாது.

இவையெல்லாம் சரியான பிறகு பேச்சும் மாறும், அதற்கு ஏற்றபடி படங்களை இணைத்துப் போடலாம் என்பது எங்கள் யோசனை. ஒரு மாதம் 'அந்த நாள்', அடுத்த மாதம் 'கைதி' (2019). இரண்டிலும் பாட்டு இல்லை. 65 ஆண்டு இடைவெளியில் பாட்டின் இடத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்று பேச ஒரு இரவு போதாது. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை'யையும் (2005) சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'டையும் (2015) அடுத்தடுத்துப் போடுங்கள். ஒன்று கித்தா எனும் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் குடும்பம், மற்றது தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் வாழ்க்கை. 'ஜகாட்' 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. சென்னைப் படங்களைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு இவற்றைப் பற்றிப் பேசாதது சரியில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கருத்து எந்த விமர்சகரிடமும் கிடைக்காது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வீட்டில் பார்க்க வாங்கிய தட்டு பொதுவில் போட உரிமை தராது. 1987 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளரின் இசைவும், 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். உள்ளூர் இயக்குநர்களின் படங்களுக்கு அவர்களையே நேரில் கேட்கலாம்; எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

அடுத்த காட்சியன்று மாலை 6 மணிக்கே டேவான் திறந்திருந்தால், உருவம், ஒலி, நீளம் மூன்றையும் சரிபார்க்க எங்களில் சிலர் வந்துவிடுகிறோம். வெளிச்சத்தை மட்டும் இருட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாவியை யாரிடம் வாங்குவது என்று சொல்லுங்கள், கறுப்புத் துணியை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
படம் பார்க்க வரும் சுங்கை சிப்புட் ரசிகர்கள்