பனம் விதையோடு வரும் சகோதரிகள்

ஆசிரியருக்கு,

1847இல் இலங்கை வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமாரை யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியால் அறிவோம். எங்கள் பகுதிக் கன்னியர் மடத்துச் சகோதரிகளின் சேவை பத்திரிகைகளில் வருவது குறைவு. மாரி தொடங்கினால் சாக்கு சாக்காகப் பனம் விதை கொண்டுவந்து கடற்கரையோரம் பிள்ளைகளோடு ஊன்றுகிறார்கள்; வெள்ளை உடுப்பு சேறாவதைப் பார்ப்பதில்லை. நுண்கடனில் சிக்கிய பெண்களோடு திண்ணையில் இருந்து தவணைப் புத்தகத்தை வரிவரியாக வாசித்து, வட்டி எங்கே ஏறியது என்று விளங்கப்படுத்துகிறார்கள். சைவ வீடு, வேத (கிறிஸ்தவ) வீடு என்ற பேதமே இல்லை. வற்றாத ஆறில்லாத யாழ் குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எங்கள் கிணறு. தோட்டத்தில் உரத்தை அள்ளிக் கொட்டினால் தண்ணீரில் நைத்திரேற்று என்ற உர உப்பு ஏறும் என்பதையும் வீடு வீடாகச் சொல்கிறார்கள். முளைத்த வடலிகளை மாடு கடிக்கிறது. உள்ளூராட்சி சபை வேலியாவது அடைத்துத் தரவேண்டும்.

வாசகர்,
வலிகாமம்.