பழைய 207 வண்டிக்குப் பேசிய விலையும் வராத சான்றிதழும்: ஸ்கிராப் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
காய்கறி வண்டி உரிமையாளர்,
ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
பழைய வாகன ஸ்கிராப் நிறுவனம்.

பொருள்: டாடா 207 டிஐ சரக்கு வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுத்ததில் பேசிய தொகை தராதது, டெபாசிட் சான்றிதழ் வழங்காதது தொடர்பாக.

ஐயா,

என்னுடைய 2007 மாடல் டாடா 207 டிஐ வண்டியை உங்கள் நிறுவனத்திடம் ஸ்கிராப்புக்கு ஒப்படைத்தேன். 58,000 ரூபாய் தருவதாகப் பேசி வண்டியைத் தூக்கிச் சென்றீர்கள். என் வங்கிக் கணக்குக்கு வந்தது 36,020 ரூபாய். மீதிப் பணமும் வரவில்லை, வண்டியை ஒப்படைத்ததற்கான டெபாசிட் சான்றிதழும் இன்றுவரை கைக்கு வரவில்லை. பணத்தைவிட இந்தச் சான்றிதழ்தான் எனக்கு அதிகக் கவலையாக இருக்கிறது. போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து வேறொரு பதில் சொல்கிறார். அதனால் நடந்ததை எல்லாம் எழுத்தில் வைக்கிறேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த வண்டி அது. ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளியும் முருங்கையும் ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி வரை போய் வந்த வண்டி. பின்பக்கம் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) துருப்பிடித்து வெல்டிங் மேல் வெல்டிங் ஆகிவிட்டது. 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். 15 ஆண்டு கடந்ததற்கு அந்தக் கட்டணமே 2022 ஏப்ரலில் இருந்து பல மடங்கு ஏறிவிட்டது. எஃப்.சி.க்குப் போகுமுன் பாடி வேலை, பெயின்ட், பிரேக் வேலை எல்லாம் பார்த்தாக வேண்டும். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் 16,049 ரூபாய், வரி தனி. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் இவ்வளவு பணத்தை இந்த வண்டியில் போட என்னால் முடியவில்லை. எஃப்.சி. காலாவதியான வண்டியை விலைக்குக் கேட்டும் யாரும் வரவில்லை. ஸ்கிராப்பில் வரும் பணத்தை முன்பணமாக வைத்து ஒரு பழைய சின்ன யானை (டாடா ஏஸ்) எடுக்கலாம் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

உங்களிடம் பேசுவதற்கு முன்பே எங்கள் ஊர் மெக்கானிக் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். 207-லும் டாடா 407 லாரியிலும் ஒரே குடும்பத்து இன்ஜின் என்பதால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் சேர்த்து 25,000 ரூபாய்க்கு ஆள் தயாராக இருந்தது. ஸ்டெப்னியோடு ஐந்து டயரும் டிஸ்க்கும் 8,000. பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார் சேர்த்து 6,500. இவ்வளவையும் கழற்றிய பிறகு மிச்சம் நிற்கும் கேபினும் சேஸும் பாடியும் பழைய இரும்பு விலைக்கு 33,000-க்குக் குறையாது. ஆக, பார்ட்ஸாகப் பிரித்து விற்றிருந்தால் 70,000-க்கு மேல் வந்திருக்கும். உங்களிடம் அதைவிடக் குறைவான தொகைக்கு ஒப்புக்கொண்டது சான்றிதழுக்காகத்தான். வெளியில் பழைய இரும்புக் கடையில் போட்டால் காசு வரும், ஆனால் அரசுக் கணக்கில் வண்டி என் பெயரிலேயே நிற்கும். முறையாக முடிய வேண்டும் என்றுதான் பதிவு பெற்ற மையம் என்று விளம்பரம் செய்யும் உங்களைத் தேடி வந்தேன்.

பார்ட்ஸைக் கழற்றி விற்றுவிட்டு மிச்சத்தை உங்களிடம் கொடுக்கலாமா என்று முதலிலேயே கேட்டேன். உங்கள் கொள்முதல் பிரதிநிதி சொன்ன பதில் இது: "அண்ணே, ஒரு நட்டு கூடக் கழட்டாதீங்க. முழு வண்டியா இருந்தாத்தான் இந்த விலை. பேட்டரி, டயர் எல்லாம் சேர்த்துத்தான் 58 சொல்றேன்." அன்று மாலையே வாட்ஸ்அப்பில் "முழு வண்டி, 58,000, வண்டி தூக்கும் செலவு இலவசம்" என்று செய்தியும் அனுப்பினார். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அதை நம்பி, இன்ஜினுக்கு வந்த ஆளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

வண்டிகளை உடைக்கும் உங்கள் யார்டில் நடந்தது வேறு. அங்கே முழு வண்டி என்ற பேச்சே இல்லை. கிலோ 26 ரூபாய் என்றார்கள். எடை மேடையில் ஏற்றிவிட்டு, சீட்டு எதுவும் காட்டாமல் 1,520 கிலோ என்றார்கள். காய்கறி வண்டியின் காலி எடை எவ்வளவு என்று அதை ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் இருக்காது. சந்தையில் லோடு ஏற்றும்போதெல்லாம் காலி எடையும் போட்டுத்தான் சீட்டு வாங்குகிறோம். என் வண்டி 1,740 கிலோ. கடைசியாக எடுத்த சீட்டு உட்படப் பல சீட்டுகள் என்னிடம் உள்ளன. 220 கிலோ எங்கே போனது என்று கேட்டதற்கு மண், ஈரம், ரப்பர், சீட் எல்லாம் கழிவு என்று உங்கள் ஆள் சொன்னார். நீங்களே இலவசம் என்று எழுதிக் கொடுத்த வண்டி தூக்கும் செலவுக்கு 3,500 ரூபாய் பிடித்தீர்கள். 1,520-ஐ 26-ஆல் பெருக்கி அதில் 3,500-ஐக் கழித்தால் வரும் தொகைதான் எனக்கு வந்த 36,020. வேறு எந்தப் பாகத்துக்கும் ஒரு ரூபாய் கூடத் தரவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

ரப்பர் கழிவு என்றதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. முன் டயர் இரண்டும் போன தீபாவளிக்கு முன் மாற்றியவை. கழிவு என்று அதன் எடையைக் குறைத்த உங்கள் ஆட்களே, நான் அங்கே நிற்கும்போதே அந்த டயர்களைக் கழற்றித் தனியாக உருட்டி, விற்பனைக்கு அடுக்கியிருந்த டயர்களோடு வைத்தார்கள். பேட்டரியையும் அப்படியே தனியாக எடுத்தார்கள். பேட்டரியில் இருப்பது ஈயம், ரேடியேட்டரிலும் டைனமோவிலும் இருப்பது செம்பு, கியர் கேஸில் அலுமினியம். இதில் எதுவும் இரும்பு விலைக்கு விற்கிற பொருள் இல்லை என்பது பழைய சாமான் எடைக்கு எடுக்கிற சைக்கிள்காரருக்கும் தெரியும். பின்பக்க ஸ்பிரிங் பட்டையைக்கூடக் கொல்லுப்பட்டறைக்காரர்கள் அரிவாள் அடிக்கத் தேடி வந்து வாங்குவார்கள்.

பாகங்களைப் பிரித்து விற்பது உங்கள் தொழில். அதில் நான் குறை சொல்லவில்லை. சென்னை புதுப்பேட்டையில் எத்தனையோ குடும்பங்கள் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன, அந்த பார்ட்ஸை வாங்கித்தான் எங்களைப் போன்றவர்களின் வண்டியும் ஓடுகிறது. ஆனால் பாகத்துக்கும் சேர்த்து விலை என்று சொல்லி என்னைக் கழற்றவிடாமல் செய்தீர்கள். பிறகு அதே வண்டியை இரும்பாக எடை போட்டு எடுத்தீர்கள். கையில் பணம் இருக்கிறவன் அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோயிருப்பான். நான் திருப்பிக் கேட்டபோது, மறுபடி தூக்கிக் கொண்டுபோய் விடுவதற்கு 7,000 ரூபாய் முன்பணம் கட்டச் சொன்னார்கள். அந்தப் பணம் என்னிடம் இல்லை என்று தெரிந்துதான் கேட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலை பற்றி நான் வாதாடியபோது உங்கள் யார்டு அலுவலர், "15 வருஷம் தாண்டின வண்டி, வீட்ல நின்னா அரசாங்கமே வந்து தூக்கிட்டுப் போயிடும், அப்ப இதுவும் கிடைக்காது" என்றார். இது உண்மை இல்லை. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு தானாக முடியும் என்ற விதி அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. 10 ஆண்டு டீசல் வண்டிக்குத் தடை என்பது தில்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்த உத்தரவு. தமிழ்நாட்டில் தனியார் வண்டி எஃப்.சி. வாங்கினால் தொடர்ந்து ஓடலாம். வண்டியைக் கொடுக்க வருகிறவர்களில் பலர் என்னைப் போல ஓட்டுநர்கள், சின்ன வியாபாரிகள். அவர்களிடம் இப்படிப் பயம் காட்டி விலையைக் குறைப்பதை உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது சான்றிதழ். பதிவு பெற்ற ஸ்கிராப் மையங்களுக்காக மத்திய அரசு 2021 செப்டம்பரில் விதிகள் வெளியிட்டது. அதன்படி வண்டியை ஒப்படைத்த உரிமையாளருக்கு டெபாசிட் சான்றிதழ் தர வேண்டும். வண்டியை உடைத்து முடித்த பிறகு ஸ்கிராப் செய்ததற்கான சான்றிதழ் தனியாக உண்டு. நான் அசல் ஆர்.சி.யைக் கொடுத்தேன், ஆதார் நகல் கொடுத்தேன், கடன் முடிந்து ஹெச்.பி. (ஆர்.சி.யில் இருந்த கடன் பதிவு) ரத்தான தாளும் கொடுத்தேன். என்னிடமிருந்து வர வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. முதலில் சர்வர் வேலை செய்யவில்லை என்றீர்கள். அப்புறம் தலைமை அலுவலகத்தில் கையெழுத்தாக வேண்டும் என்றீர்கள். கடைசியாகப் பேசிய பெண், மீதிப் பணம் கேட்டு நான் கொடுத்த புகார் முடிந்தால்தான் சான்றிதழ் வரும் என்றார். புகாரைத் திரும்பப் பெற்றால் சான்றிதழ் என்பதுதானே இதற்குப் பொருள்? வண்டியை ஒப்படைத்தவனுக்குச் சேர வேண்டிய தாளை அடகுப் பொருள் மாதிரி பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அந்தத் தாள் இல்லாததால் எனக்கு என்ன ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வண்டி அழிந்துபோனால் அல்லது இனி ஓடவே முடியாத நிலைக்குப் போனால், 14 நாளுக்குள் அல்லது முடிந்த அளவு சீக்கிரம் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்கிறது. எதைக் காட்டி நான் தெரிவிப்பது? அரசின் பதிவில் என் வண்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. நம்பர் பிளேட்டும் சேஸ் நம்பர் உள்ள துண்டும் உங்களிடம் இருக்கின்றன. அந்த நம்பரை மாட்டிக்கொண்டு எங்கோ ஒரு வண்டி ஓடினால் அபராதம் என் பெயருக்கு வரும். விபத்து நடந்தால் நீதிமன்றத்துக்கு நான்தான் போய் நிற்க வேண்டும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், வண்டி கைமாறிப் போயிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்திருக்கிறது. இன்சூரன்ஸும் இல்லாத வண்டி. இதை நினைத்து எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை.

சான்றிதழால் வரக்கூடிய பணமும் இதில் தடைபட்டு நிற்கிறது. அதை வைத்துப் புது வண்டி வாங்குகிறவருக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, சரக்கு வண்டியானால் சாலை வரியில் 15 சதவீதம் வரை சலுகை தர விதி இருக்கிறது. நான் புது வண்டி வாங்கும் நிலையில் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழை இணையம் வழியாக இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க விதி இடம் தருகிறது. சந்தையிலேயே புது வண்டி எடுக்கப்போகிற ஒருவர் அதை என்னிடம் கேட்டு வைத்திருக்கிறார். அவர் எவ்வளவு காலம் காத்திருப்பார்?

நான் கேட்பது இவைதான். டெபாசிட் சான்றிதழை உடனே தாருங்கள், அதை என் பணப் புகாரோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். வண்டியை உடைத்தாகிவிட்டது என்றால் ஸ்கிராப் சான்றிதழும், சேஸ் நம்பர் துண்டு வெட்டி எடுக்கப்பட்டு உங்கள் பாதுகாப்பில் இருக்கிறது என்ற எழுத்துபூர்வமான உறுதியும் வேண்டும். பேசிய 58,000-ல் பாக்கி உள்ள 21,980 ரூபாயை என் கணக்கில் செலுத்துங்கள். உங்கள் எடை மேடைச் சீட்டின் நகலையும், 220 கிலோ எந்தக் கணக்கில் கழிக்கப்பட்டது என்ற விவரத்தையும் அனுப்புங்கள். வண்டி இன்னும் உடைக்கப்படாமல் முழுதாக நிற்கிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 36,020 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். அப்போது தூக்கி வந்து விடும் செலவு உங்களுடையது.

வாட்ஸ்அப் செய்தியின் படம், சந்தை எடைச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், வண்டியை ஒப்படைத்த அன்று உங்கள் ஓட்டுநர் கையெழுத்திட்ட தாள் ஆகியவற்றின் நகல்களை இதோடு இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், இனிப் போனில் சொல்லும் பதிலை ஏற்க மாட்டேன். வரவில்லை என்றால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. சொந்தப் பிழைப்புக்காக வண்டி ஓட்டியவன் நான், வண்டி தூக்க என்னிடம் கூலியும் பிடித்திருக்கிறீர்கள், ஆகவே நான் உங்கள் வாடிக்கையாளர் இல்லை என்று அங்கே சொல்லிவிட முடியாது. உங்கள் மையத்தின் பதிவைப் பற்றி போக்குவரத்துத் துறைக்கும் தனியாக எழுதுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஒட்டன்சத்திரம்.