'வண்டி பழசு' என்பது என் புகாருக்குப் பதில் ஆகாது

அனுப்புநர்: சொந்த வண்டி ஓட்டுநர், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பொலிரோ பிக்கப் வண்டியில் தங்கள் ஃபிட்டிங் சென்டர் பொருத்திய ஆடியோ செட்டின் கோளாறு, ஒயர் புகைந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டல்.

ஐயா,

வணக்கம். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் வண்டி என்னுடையது. 2011 மாடல் மஹிந்திரா பொலிரோ பிக்கப். கடந்த ஜூன் 7ஆம் தேதி தங்களுடைய கோவை ஃபிட்டிங் சென்டரில் இந்த வண்டிக்குப் புது செட் போட்டேன். மொத்தம் 27,500 ரூபாய். பில் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து இன்று வரை மூன்று முறை உங்களிடம் முறையிட்டுவிட்டேன். இரண்டு முறை போனிலும் ஒரு முறை மின்னஞ்சலிலும் கிடைத்தது ஒரே பதில்தான்: "வண்டி பழசு, அதனால் அப்படித்தான் இருக்கும்." அது உண்மையில்லை என்பதை ஆதாரத்தோடு சொல்லவே இந்தக் கடிதம்.

வண்டி அப்பா வாங்கியது. அதில் அவர் போட்டிருந்த பழைய ரேடியோ போன வருடம் முழுதாக நின்றுவிட்டது. இரவு பத்து மணிக்கு லோடு ஏற்றினால் பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு என்று ஓடி, விடிவதற்குள் திருச்சூர் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மேல் தனியாக ஓட்டுகிறவனுக்குப் பாட்டு ஆடம்பரம் இல்லை. காதில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் கண் சொக்காமல் இருக்கும். அதற்காகத்தான் சேர்த்து வைத்த பணத்தைச் செலவு செய்தேன்.

நான் கேட்டு வந்தது ஒரு ரேடியோவும் இரண்டு ஸ்பீக்கரும் மட்டும். ரேடியோ 8,500, ஸ்பீக்கர் 3,200. பொருத்தியதும் பாட்டுப் போட்டுக் காட்டினார்கள். சத்தம் இருந்தது, பேஸ் என்கிற அடித்தொனி துளிகூட இல்லை. உங்கள் ஃபிட்டர் தம்பி, "பழைய வண்டி அண்ணா, கேபின் சின்னது, இதில் பேஸ் வராது. ஊஃபரும் ஆம்ப்பும் போட்டால்தான் வரும்" என்றார். நம்பினேன். அடித்தொனிக்கென்றே சீட்டுக்கு அடியில் வைக்கும் ஊஃபர் ஸ்பீக்கர் 5,600, ஒலியைப் பெருக்கும் நாலு சேனல் ஆம்ப் 6,800, 'காப்பர் கிட்' என்று பில்லில் எழுதிய ஒயர் செட் 1,900, கூலி 1,500. ஸ்பீக்கர்களையும் ஆம்ப்பிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஊருக்குத் திரும்பும் வழியிலேயே ஒரு சத்தம் ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. மறுநாள் போன் செய்தேன். "டீசல் வண்டி, பழைய டைனமோ, அந்தச் சத்தம் வரத்தான் செய்யும்" என்றார்கள். அடுத்த வாரம் கோயில் திருவிழாவுக்காக வண்டியை இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன். மூன்றாம் நாள் சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் ஸ்டார்ட் ஆனது. மறுபடி போன் செய்தேன். "பேட்டரி போயிருக்கும், மாற்றுங்கள்" என்றார்கள். அந்த பேட்டரி வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. அதன் பில்லையும் இணைத்துள்ளேன்.

அப்புறம் ஜூன் 29ஆம் தேதி இரவு. வண்டியில் 45 பெட்டி தக்காளி. பொள்ளாச்சி தாண்டி, கோபாலபுரம் செக்போஸ்ட் வருவதற்கு முன்னால் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. முன்னால் போகும் லாரியின் வாடை என்று நினைத்தேன். ஒரு நிமிடத்தில் கால் பக்கத்திலிருந்து புகை எழும்பியது. வண்டியை ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, 10ஆம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் எப்போதும் ஸ்பேனர் வைத்திருப்பது அப்பா சொல்லிக்கொடுத்த பழக்கம். அது கையில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் கை நடுங்குகிறது. லோடை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்ப 4,000 ரூபாய் ஆனது.

இதைச் சொன்ன பிறகுதான் உங்கள் மின்னஞ்சல் வந்தது: "பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளின் ஒயரிங் பலவீனமாக இருக்கும். மேலும் இது கமர்ஷியல் வாகனம் என்பதால் வாரண்டி பொருந்தாது." நான் வருத்தப்பட்டது பணத்துக்காக மட்டும் இல்லை. 14 வருடமாக எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடும் வண்டியைப் பார்க்காமலே அதன் மேல் பழி போட்டீர்கள்.

எங்கள் ஊரில் இருபது வருடத்துக்கு மேல் லாரி வேலை பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, தாளில் எழுதிக் கொடுத்தார். போட்டோவும் எடுத்தோம்.

முதலில் பழைய டைனமோ கதையைப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். ஹெட்லைட் போட்டும் அது இறங்கவில்லை. மீட்டரை ஏசி பக்கம் வைத்து, டைனமோவின் டையோடு கெட்டிருந்தால் வரும் அலை இருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை. டைனமோ நன்றாக இருக்கிறது. பிறகு ஆம்ப்பின் எர்த்தை, அதாவது வண்டித் தகடு வழியாக பேட்டரி மைனஸுக்குப் போகும் இணைப்பைத் தேடினார். சீட் போல்ட்டில், பெயிண்டுக்கு மேலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். பாட்டைச் சத்தமாக வைத்து அந்த எர்த்துக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில் அளந்தால் 0.9 வோல்ட் காட்டியது. நல்ல எர்த் என்றால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் காட்டக்கூடாது. பெயிண்டைச் சுரண்டி, தகடு பளபளவென்று தெரிந்த பிறகு இறுக்கினார். 0.1க்கு வந்தது. ரேடியோவின் எர்த்தையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். ரேடியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் சிக்னல் ஒயரை பேட்டரி ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், அதைப் பிரித்து மறுபக்கமாக ஓட்டினார். அந்த 'ஙொய்' சத்தம் அன்றோடு போனது. டைனமோவை அவர் தொடவே இல்லை.

பேட்டரி இறங்கிய காரணம் இன்னும் எளிது. ரேடியோவிலிருந்து வரும் வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர்தான் ஆம்ப்பை எழுப்பும், தூங்கவும் வைக்கும். உங்கள் ஆள் ஆம்ப்பை அதில் சேர்க்காமல், எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் ஒயரோடு சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார். சாவியை எடுத்த பிறகும் 1.1 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு 26 ஆம்பியர்-அவர் போனால் எந்தப் புது பேட்டரி தாங்கும்? நீல ஒயரோடு சேர்த்த பிறகு 0.02 ஆம்பியர்தான் ஓடுகிறது.

என்னை அதிகம் புண்படுத்தியது ஸ்பீக்கர் விஷயம். அண்ணன் ஒரு டார்ச் செல்லை எடுத்து ஸ்பீக்கர் ஒயர்களில் தொட்டுக் காட்டினார். இடது பக்கக் கூம்பு வெளியே வந்தது, வலது பக்கம் உள்ளே போனது. ஒன்றில் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, அடித்தொனி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகிறது. ஒயரை மாற்றியதும் ஊஃபரை நிறுத்திவிட்டுக் கேட்டோம். எனக்குப் போதுமான பேஸ் அந்த இரண்டு ஸ்பீக்கரிலேயே வந்தது. அப்படியென்றால் அன்று நான் ஊஃபரையும் ஆம்ப்பையும் வாங்கியிருக்கவே தேவையில்லை. உங்கள் ஆள் செய்த தவறை என் வண்டியின் வயதாகக் காட்டி எனக்கு மேலும் பொருள் விற்றிருக்கிறீர்கள்.

கோடை எஃப்.எம். 100.5 எங்கள் பக்கம் எப்போதும் கண்ணாடி மாதிரி கேட்கும். செட் மாற்றியதிலிருந்து இரைச்சலாக இருந்ததற்குக் காரணம், ஆன்டெனா பின் பாதிதான் சொருகியிருந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

புகை வந்த இடத்துக்கு வருகிறேன். பேட்டரி ஒயரை எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டின் ஓட்டை வழியாக இழுத்திருக்கிறார்கள். அங்கே ரப்பர் புஷ் இல்லை. வண்டி குலுங்கக் குலுங்க தகட்டின் விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. ஃப்யூஸ் இருந்தது, ஆனால் பேட்டரி பக்கத்தில் இல்லாமல் சீட்டுக்கு அடியில் ஆம்ப்பை ஒட்டி இருந்தது. ஒயர் உரசியதோ ஃப்யூஸுக்கு முன்னால். பேட்டரியின் மொத்த பலமும் தகட்டில் பாயும்போது அந்த ஃப்யூஸுக்கு ஒன்றும் தெரியாது, அது கடைசி வரை போகவும் இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு அடிக்குள் ஃப்யூஸ் போட வேண்டும் என்பதை லாரி ஷெட்டில் வேலை பழகும் பையன்கூடச் சொல்வான். கருகிய துண்டை பிளேடால் சுரண்டிப் பார்த்தோம், உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர். அதே தடிமனில் செம்பைவிட அதற்கு மின்தடை அதிகம், அதிகமாகச் சூடாகும். பில்லில் அதன் பெயர் 'காப்பர் கிட்'.

ஆம்ப் பெட்டியில் 1600 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆம்ப்பின் பின்னால் இருக்கும் ஃப்யூஸ் 20 ஆம்பியர். 14.4 வோல்ட்டை 20 ஆம்பியரால் பெருக்கினால் 288 வாட். தொடர்ந்து உள்ளே போகக்கூடியதே அவ்வளவுதான். இது ஏபி வகை ஆம்ப், அதில் கணிசமான பகுதி சூடாகப் போய்விடும். நடைமுறையில் வெளியே வருவது 200 வாட்டைத் தொடுவதே கஷ்டம். தொடர்ந்து எவ்வளவு வாட் தரும் என்று சொல்லும் ஆர்.எம்.எஸ். அளவு பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. அமெரிக்காவில் சி.இ.ஏ.-2006 என்று ஒரு அளவு முறை இருக்கிறது: 14.4 வோல்ட், 4 ஓம், ஒலிச் சிதைவு ஒரு சதவீதத்துக்குள். அந்த முறையில் அளந்து ஒரே ஒரு எண்ணைப் போட்டிருந்தால் எனக்கு இந்தக் கேள்வியே இல்லை. ரேடியோ பெட்டியில் 50 வாட் × 4 என்று இருப்பதும் உச்ச அளவுதான், அதைத் தெரிந்தே வாங்கினேன். ரேடியோவும் ஸ்பீக்கரும் நல்ல பொருள்கள். குரல் தெளிவாக இருக்கிறது, அவற்றின் மேல் எனக்குக் குறையே இல்லை.

'கமர்ஷியல் வாகனம்' என்று எழுதியதற்கும் பதில் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(7)இன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது. என்னிடம் இருப்பது ஒரே வண்டி, ஓட்டுவதும் நான்தான். என்னை நுகர்வோர் இல்லை என்று ஒதுக்க முடியாது.

நான் கேட்பது இதுதான். ரேடியோவையும் ஸ்பீக்கரையும் வைத்துக்கொள்கிறேன். ஆம்ப், ஊஃபர், ஒயர் கிட் மூன்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு, ஃபிட்டிங் கூலியையும் சேர்த்து 15,800 ரூபாயைத் தர வேண்டும். லோடு மாற்றிய 4,000, எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்த 1,200 இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 21,000 ரூபாய். நடுவில் ஓட்ட முடியாமல் போன நான்கு நாள் வருமானத்தை இதில் நான் சேர்க்கவில்லை.

இன்னொன்று, இது எனக்குப் பணத்தைவிட முக்கியம். ஜூன் மாதம் அதே சென்டரில் அதே ஆள் கையால் செட் போட்ட மற்ற வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு, ஃப்யூஸ் எங்கே இருக்கிறது, ஒயர் தகட்டில் உரசுகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். அவர்களின் போன் நம்பர் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். அவர்களும் ராத்திரியில் ஓட்டுகிறவர்கள்தான், எல்லோர் சீட்டுக்கு அடியிலும் ஸ்பேனர் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தத் தம்பியை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. முறையாகக் கற்றுக்கொடுங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லை என்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை.

கருகிய ஒயர்த் துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பொறியாளர் யாராவது வந்தால் வண்டியையும் காட்டுகிறேன். செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாள் பகலிலும் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஒட்டன்சத்திரம்.

இணைப்பு: செட் வாங்கிய பில், பேட்டரி பில், எலக்ட்ரீஷியன் எழுதிய அளவுத் தாள், லோடு மாற்றிய ரசீது, 11 போட்டோக்கள்.